கம்பளிக்கு அனுமதி இல்லை

கதவுக்கு வெளியே ஏழு கொக்கிகள்.
ஆறில் கம்பளிச் சட்டை,
ஏழாவதில் ஹோகனின் தொப்பி.
வெர்ம்லாந்தில் ஜனவரி, மைனஸ் பத்தொன்பது.
உள்ளே போகப் பருத்தி மட்டும்தான்.
கம்பளி உரசினால் பொறி பறக்கும்;
பொறிக்கு இந்த அறையில்
சொந்தக்காரர்கள் அதிகம்.

யூல்வா நடுங்கிக்கொண்டே
உலோகத் தகட்டின் மேல் ஏறி நிற்கிறாள்.
பச்சை விளக்கு.
உடம்பில் ஒட்டியிருந்த மின்சாரம்
மண்ணுக்குப் போய்விட்டதாம்.
போகாவிட்டால் சிவப்பு,
போகும்வரை நிற்க வேண்டும்.

கேட்டால் இப்படித்தான் சொல்வாள்:
விறகு எரியக் காற்றிடம் கடன் வாங்கும்.
நைட்ரோ வாங்காது.
ஒரு நைட்ரஜன், இடுப்பின் இருபக்கமும் ஆக்சிஜன்,
கட்டுச்சோற்றோடு கிளம்பிய பயணி.
காற்றே இல்லாத உயரத்திலும்
மூட்டையை அவிழ்த்துப் பசியாறும்.
அந்தப் பயணியை ரப்பர் போன்ற
நீண்ட சங்கிலியில் கோக்க வேண்டும்.
கோத்துவிட்டால்
ராக்கெட்டின் வயிற்றில் உதிரித் துகள்களையெல்லாம்
மாவு பிசையும் கை மாதிரி சேர்த்துப் பிடிக்கும்.
பிறகு பிடித்த கையும் எரியும்.
எரிவதற்கென்றே ஒரு கை.
அதைச் சொல்லும்போது மட்டும்
அவள் யாரையும் பார்ப்பதில்லை.

முதல் வருடம் கிடைத்தது
அடுப்பில் மறந்துபோன பாகு.
குடுவையைக் கழுவ முடியாமல் அப்படியே புதைத்தார்கள்.
இரண்டாம் வருடம் நூற்றுக்கு முப்பத்தொன்று.
‘முப்பத்தொன்றா?’ என்றார் ஸ்டாக்ஹோமிலிருந்து
திரையில் தெரிந்த அதிகாரி,
வாயில் பாதி ரொட்டியோடு.

இந்த வாரம் நாற்பத்தெட்டு.
நிறமும் தெளிந்திருக்கிறது,
ஆறிய தேநீரின் மேல்பகுதி போல.

‘என்ன மாற்றினீர்கள்?’
மாற்றியது அதிகமில்லை.
அளவைக் குறைத்தோம். அவசரத்தைக் குறைத்தோம்.
வெப்பமானி முள் முனகியபோது
இரண்டு முறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு
காப்பி குடிக்கப் போனோம்.
நிறுத்தியதை எழுத
அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.
‘இதர’ என்ற இடத்தில் எழுதினாள் யூல்வா:
காப்பி, இரண்டு முறை.

ஹோகனுக்கு ஒன்பது விரல்.
பத்தாவது,
தொண்ணூற்றேழாம் வருடத்து நோட்டில் ஒரு வரி:
‘எதிர்பாராத வினை.’
எழுதியது இடது கை, அதனால் எழுத்து சரிந்திருக்கும்.
புதிதாய் வருபவர்களுக்கு அவர் பாடமெல்லாம் எடுப்பதில்லை.
கை குலுக்குவார், அவ்வளவுதான்.

பிற்பகல். கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம்
கடுகளவு மாதிரி;
அதன் தலைக்கு மேல் இரும்புச் சுத்தியல்.
இந்தப் பக்கம் இரண்டு பேர், ஒரு பொத்தான்.
போன வருடத்துச் சரக்கு
பன்னிரண்டாம் கோட்டிலேயே அலறியது.

பன்னிரண்டு. டொக்.
இரும்பு இரும்பைத் தொட்ட சத்தம், வேறொன்றுமில்லை.
பதினாறு. டொக்.
யூல்வாவின் தோள் இன்னும் இறங்கவில்லை.
இருபது. டொக்.
இருபத்தைந்து.
இத்தனை வருடமாக
ஒரு சத்தம் வராமலிருக்கச் சம்பளம் வாங்கியவள்
மூச்சை விட மறந்திருக்கிறாள்.
டொக்.

முப்பத்தொன்றில் ‘பட்’ என்றது.
சுவர் லேசாய் அதிர்ந்தது.
ஹோகன் தலையாட்டினார்:
‘நல்லது. எந்த உயரத்திலும் வாய் திறக்காத ஒன்றை
நான் நம்பமாட்டேன்.’
முப்பத்தொன்று என்று எழுதினார்.
அதே முப்பத்தொன்று,
இந்த முறை அதற்கு ரொட்டி தின்றுகொண்டே
யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
தாழ்வாரத்து விளக்கு வேலை செய்யவில்லை.
யூல்வா தன் கம்பளிச் சட்டையை
தலைவழியே இழுத்துப் போட்டாள்:
கூந்தல் முழுக்க சடசடவென
நீலமாய்ச் சின்னச் சின்ன மின்னல்.

எரிய எதுவும் இல்லாத இடம்.
ஒரு கொக்கி, ஒரு தொப்பி, சேறு படிந்த காலணிகள்.
ஆனாலும் அந்த ஒன்பது விரல்களும்
யாரும் சொல்லாமலே
முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.